ஊர் ஓட்டலில் நனிசைவச் சாப்பாடு நிலைக்க: சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பக்கத்துத் தெரு ஓட்டலில் "சோயா பால் காபி கிடைக்கும்" என்று ஒரு நாள் பலகை வைக்கிறார்கள். மூன்று மாதத்தில் பலகை காணாமல் போகிறது. பெட்டியில் வரும் தாவரப் பாலைத் திறந்துவிட்டால், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஐந்தாறு நாள்தான் தாங்கும். ஒரு லிட்டரில் எட்டுக் காபி போடலாம். வாரத்துக்கு இரண்டு பேர் மட்டும் கேட்டால் மீதி ஆறு காபிக்கான பால் சாக்கடைக்குத்தான் போகும். பசும்பாலைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய பால் அது. கடைக்காரர் இரண்டு மூன்று முறை பொறுத்துப் பார்ப்பார். அப்புறம் வாங்குவதையே நிறுத்திவிடுவார்.

இதை அவருடைய குறை என்று சொல்லிவிட முடியாது. நம்பி வாங்கிவைக்க அவருக்கு ஒரு கணக்கு வேண்டும். இத்தனை பேர், இந்தக் கிழமை, இந்த நேரம் வருவார்கள் என்று அவர் எதிர்பார்க்கும்படி போய்ச் சாப்பிடுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. கொடுக்கிற பணம் குறையாமல் அவர் கைக்குப் போவது அதற்கு அடுத்தது.

நனிசைவம் அல்லது வீகன் என்றால் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்லாமல் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பனீர், தேன் என விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லாத உணவு. நனிசைவத்துக்கென்றே நடக்கும் கடைகள் பெரிய ஊர்களில்கூடச் சிலதான். இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் எல்லாத் தெருவிலும் இருக்கிற சாதாரண சைவ ஓட்டல், மெஸ், டிபன் கடைகளுக்கானது. சரியாகப் பேசினால் அவற்றில் பாதிக்கு மேல் நனிசைவருக்கும் உகந்த கடைகள்தான்.

1. முதலில், ஏற்கெனவே இருப்பதைச் சாப்பிடுங்கள்

புதிதாக இறங்குகிறவர்கள் போன உடனே "டோஃபு இருக்கா, ஓட்ஸ் பால் இருக்கா" என்று கேட்கிறார்கள். கடைக்காரருக்கு அது சுமையாகத்தான் படும். அந்தச் சமையலறையில் பாதிப் பண்டம் ஏற்கெனவே நனிசைவம்தான் என்பதிலிருந்து தொடங்குங்கள். இட்லி, எண்ணெய் விட்ட தோசை, ஊத்தப்பம், அடை, மெதுவடை, குழிப்பணியாரம், பஜ்ஜி, புளியோதரை, எலுமிச்சை சாதம், சுண்டல், தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கும் திருநெல்வேலிச் சொதி என்று பட்டியல் நீளும். இவற்றுக்கு மாஸ்டர் செய்முறையை மாற்ற வேண்டாம், முதலாளி புதுச் சரக்கு வாங்க வேண்டாம். நீங்கள் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே கடையில் உங்களுக்கு முகப்பழக்கம் ஆகிவிடும். மற்ற எல்லாவற்றுக்கும் அந்தப் பழக்கம்தான் முதல்.

எங்கெங்கே பால் பொருள் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். கடைக்குக் கடை வழக்கம் மாறுவதால் கேட்டே ஆக வேண்டிய இடங்கள் இவை.

தோசைக்கல்லைக் கவனியுங்கள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் துடைக்கும் கடை உண்டு. மாவை ஊற்றி, கரண்டியால் சுழற்றி, ஓரத்தில் நெய் விடும் கடையும் உண்டு. பக்கத்து மேசைக்காரருக்கு நெய் ரோஸ்ட் போட்ட கையோடு அதே கல்லில் உங்கள் தோசையையும் ஊற்றுவார்கள். கல்லை ஒருமுறை தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு ஊற்றச் சொன்னால் எந்த மாஸ்டரும் மறுக்கமாட்டார். கல்லின் சூட்டைத் தணிக்க அவர் எப்போதும் செய்கிற வேலைதான் அது. முறுகலும் நெய் போட்டால்தான் வரும் என்றில்லை. மாவின் பதமும் கல்லின் சூடும் சரியாக இருந்தால் நல்லெண்ணெயிலேயே வரும்.

வாழைப்பூ, வாழைத்தண்டு பொரியலில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தட்டில் பார்த்தால் காயும் தேங்காய்த்துருவலும் மட்டும்தான் தெரியும். ஆனால் நறுக்கியதும் கறுத்துப் போகாமலிருக்க மோர் கலந்த தண்ணீரில் போட்டுவைப்பது வழக்கம். புளித்தண்ணீரோ எலுமிச்சைச்சாறு விட்ட தண்ணீரோ அதே வேலையைச் செய்யும். வழக்கமாகப் போகிற கடை என்றால் இதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். செலவில்லாத மாற்றம் என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வெண்பொங்கலில் நெய் இல்லாமல் இருக்காது. அண்டாவில் மொத்தமாகச் செய்வது என்பதால் உங்களுக்காக மாற்றவும் முடியாது. கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ரவா தோசை மாவில் பெரும்பாலும் மோர் சேரும், ரவா இட்லியில் தயிர். அவியலில் தயிர், குருமாவில் தயிரோ தேங்காய்-முந்திரி விழுதோ. குருமாவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பல இடங்களில் வெறும் தேங்காய்தான். பரோட்டா மாவில் பாலும் சில கடைகளில் முட்டையும் சேரும். டால்டா என்று பொதுவாகச் சொல்கிற வனஸ்பதி தாவர எண்ணெயிலிருந்து வருவது, அது நனிசைவமே. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நெய்யில் தாளிக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாப்பாட்டோடு வரும் மோர்மிளகாயைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இனிப்பில் கேசரி, மைசூர்பாகு எல்லாம் நெய். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்த பாசிப்பருப்புப் பாயசம் கிடைத்தால் நல்லது, அதிலும் முந்திரியை நெய்யில் வறுத்துப் போடுவதுண்டு.

பாக்கெட்டில் வரும் ரொட்டி, பிஸ்கட், ஐஸ்கிரீம் ஆகியவற்றில் பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள். அது சைவம் என்பதற்கான அடையாளம், பாலும் தேனும் அதற்குள் அடக்கம். நனிசைவத்துக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆம் ஆண்டு விதிகளின்படி தனி முத்திரை வைத்திருக்கிறது. பச்சைச் சதுரத்துக்குள் ஆங்கில V எழுத்தும் அதன்மேல் ஓர் இலையும் இருக்கும்.

2. கேட்கும் வார்த்தை

"அண்ணா, இது வீகனா?" என்று கேட்டால் "நாங்க பியூர் வெஜ்தாங்க" என்று பதில் வரும். அவர் சொன்னது பொய்யில்லை, கேள்விதான் அவருக்குப் புரியவில்லை. கொள்கையை விளக்க அது இடமும் அல்ல. பொருளின் பெயரைச் சொல்லுங்கள்:

"அண்ணா, எனக்கு நெய், வெண்ணெய், பால், தயிர், மோர் எதுவும் ஆகாது. எண்ணெய் மட்டும் விட்டு ஒரு ரோஸ்ட். மேலேயும் நெய் தடவ வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். எண்ணெயில் சுட்டுவிட்டு, தட்டில் வைக்கும்போது பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி நெய்யைத் தடவிவிடும் கை இருக்கிறது.

சென்னையிலும் கோவையிலும் பல ஓட்டல்களில் பரிமாறுகிறவரும் அடுப்படியில் நிற்கிறவரும் வடமாநிலத்துத் தம்பிகள். அவர்களிடம் "கீ நஹி, மக்கன் நஹி, தூத் நஹி, தஹி நஹி" என்றால் தெளிவாகப் புரியும். இதையே தமிழிலும் இந்தியிலும் உள்ளங்கையளவு அட்டையில் எழுதி லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பிஸியான நேரத்தில் சப்ளையர் அட்டையையே அடுப்படிக்கு எடுத்துப்போய்க் காட்டிவிடுவார்.

"ஆகாது" என்ற சொல்லால் ஒவ்வாமை என்று புரிந்துகொண்டால் கூடுதல் கவனம் கிடைக்கும். ஆனால் இல்லாத ஒவ்வாமையைச் சொல்லி மிரட்டாதீர்கள். கேட்டால் "உணவுப் பழக்கம்" என்றே சொல்லுங்கள். நாளைக்கு நிஜமாகவே பால் ஒவ்வாமை உள்ள குழந்தையோடு ஒரு தாய் வந்து சொல்லும்போது கடைக்காரர் அதை நம்ப வேண்டும். அதேபோல, பொதுக் கல்லும் பொதுக் கரண்டியும் புழங்கும் கடையை, நனிசைவம் கிடைக்கிறது என்பதற்காக, ஒவ்வாமை உள்ளவருக்குப் பாதுகாப்பானது என்று சொல்லிவிடாதீர்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் வைத்திருக்கும் சங்கிலி உணவகங்கள் ஒவ்வாமை தரும் பொருள்களின் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பால் அந்தப் பட்டியலில் உண்டு. அப்படிப்பட்ட கடையில் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே எளிது.

3. போகும் நேரம்

காலை எட்டிலிருந்து ஒன்பதரை, மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு: இந்த நேரங்களில் மாற்றம் கேட்காதீர்கள், இருப்பதை வாங்கிச் சாப்பிடுங்கள். முதலாளியிடமோ மாஸ்டரிடமோ பேச மாலை மூன்றிலிருந்து நாலரை வரை நல்ல நேரம். சாப்பாடு முடிந்து, மாலை டிபன் தொடங்கும் முன் கல்லாவில் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். பல கடைகளில் காலை மாஸ்டர் வேறு, மாலை மாஸ்டர் வேறு. காலையில் ஒருவரிடம் சொன்னது மாலையில் இன்னொருவருக்குத் தெரியாது, மறுபடி சொல்ல வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சைவ ஓட்டலில் நிற்க இடமிருக்காது. புதிதாக எதையாவது கேட்பதாக இருந்தால் ஆவணியிலேயே கேட்டுவிடுங்கள். கூட்டம் வரும் மாதத்தில் விற்றுப் பார்க்கலாம் என்று அவருக்கும் தோன்றும்.

4. பணம் கடைக்கு முழுதாகப் போக

விநியோகச் செயலிகளில் ஆர்டர் போட்டால் கடைக்காரருக்குக் கமிஷன் பிடித்தம் உண்டு. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் அது மாறும். உதாரணத்துக்கு நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். 120 ரூபாய்ப் பண்டத்தில் 30 ரூபாய் போகிறது. அந்தக் கமிஷன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5 ரூபாய் 40 காசு. கையில் நிற்பது 84 ரூபாய் 60 காசு. தேங்காய், எண்ணெய், கேஸ், கூலி, வாடகை எல்லாம் அதற்குள்தான். இதைச் சமாளிக்கப் பல கடைகள் செயலியில் விலையைக் கூட்டி வைத்திருக்கும். அதாவது நீங்கள் கூடுதலாகக் கொடுத்தும் கடைக்குக் குறைவாகத்தான் சேர்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. "நெய் வேண்டாம்" என்று செயலியில் நீங்கள் எழுதும் குறிப்பு அவசரத்தில் சமையல்காரர் கண்ணில் படுவதே இல்லை. போன் செய்து சொல்லிவிட்டு நீங்களே போய் எடுத்துக்கொண்டால் இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடும்.

பணம் செலுத்தும் வழியையும் கவனியுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகச் செலுத்தினால் கடைக்காரருக்குக் கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டு தேய்த்தால் ஒன்றரை, இரண்டு சதவீதம் அவருக்குப் பிடித்தம். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து வைத்திருக்கிறவர்கள் பெரிய தொகை கொடுக்கும்போது கணக்கை வங்கிக்கு மாற்றிச் செலுத்துங்கள்.

ரசீதில் பார்க்க வேண்டியவை: 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், ஜிஎஸ்டி வாங்கினால் 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண். சாதாரண உணவகத்தில் வரி 5 சதவீதம். 400 ரூபாய்க்குச் சாப்பிட்டால் மத்திய, மாநிலப் பங்கு பத்துப் பத்தாக 20 ரூபாய் சேர்ந்து 420. சிறிய கடைகளில் வரியே வாங்கமாட்டார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. சிறு வணிகர்களுக்கான ஜிஎஸ்டி தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் கடை வரியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் வசூலிக்கக்கூடாது. ரசீதில் ஜிஎஸ்டி இல்லை என்றதும் ஏமாற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சேவைக் கட்டணம் கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அப்படி வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டிப்ஸ் கொடுக்க நினைத்தால் பரிமாறியவர் கையில் நேரே கொடுங்கள். உங்களுக்காகத் தனியாகக் கல்லைத் துடைத்து ஊற்றிய மாஸ்டருக்கும் ஒரு பங்கு கொடுத்தனுப்பினால் அடுத்த முறை நீங்கள் சொல்லாமலே நெய்க் கரண்டி ஒதுங்கும்.

பார்சலுக்குத் தூக்குவாளியோ டிபன் கேரியரோ கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மாற்று டப்பா ஒவ்வொன்றும் கடைக்கு ஐந்து, பத்து ரூபாய்ச் செலவு. சாம்பார், சட்னி, பொரியல் என்று நான்கு டப்பா மிச்சமானால் அது ஒரு தோசையின் லாபம்.

இதில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. "நெய்தான் போடலையே, விலையைக் குறைங்க" என்று கேட்காதீர்கள். நெய் ரோஸ்ட்டுக்குப் பதிலாகச் சாதா ரோஸ்ட் என்று பில் போடச் சொல்லுங்கள், அது நியாயம். சாப்பாட்டில் தயிரும் மோரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று பத்து ரூபாய் கழிக்கச் சொன்னால் நனிசைவ வாடிக்கையாளர் என்றாலே பேரம் பேசுகிறவர் என்று பெயராகிவிடும். அதற்குப் பதில் இன்னொரு கரண்டி பொரியலோ ரசமோ கேளுங்கள், சந்தோஷமாகப் போடுவார்கள்.

5. புதிதாக ஒன்றைக் கேட்கும்போது

ஒரு கடையில் மாதம் நான்கைந்து முறையாவது சாப்பிட்ட பிறகு இந்தப் படிக்கு வாருங்கள். முதலில் நீக்கக் கேளுங்கள், அடுத்து மாற்றக் கேளுங்கள், சேர்க்கக் கேட்பது கடைசி. நீக்குவதற்குச் செலவில்லை. நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் என்று மாற்றுவதற்கும் செலவில்லை. சேர்ப்பதற்கு முதலாளி பணம் போட வேண்டும், மாஸ்டர் பழக வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும்.

அதனால் கெடாத பொருளாகவும், கடையில் ஏற்கெனவே புழங்கும் பொருளாகவும் இருப்பதைச் சொல்லுங்கள். பொடி தோசைக்கு நல்லெண்ணெய், குருமாவுக்குத் தேங்காய்-கசகசா விழுது, பால் சேர்க்காத சுக்குமல்லிக் காபி. சுக்குமல்லிக் காபிக்குக் கருப்பட்டி, சுக்கு, மல்லி போதும். பொடியாக அரைத்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, ஒருவர் கேட்டாலும் பத்துப் பேர் கேட்டாலும் நட்டமில்லை.

பால் சேர்த்த காபிதான் வேண்டும் என்றால் எங்கே சிக்கல் வரும் என்று டீ மாஸ்டரிடம் சொல்லிவையுங்கள். கொதிக்கும் டிகாக்ஷனில் குளிர்ந்த சோயா பாலை ஊற்றினால் திரிந்துவிடும். டிகாக்ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தைத் திரட்டுவதுதான் காரணம். பாலைத் தனியாகச் சூடாக்கி டம்ளரில் ஊற்றி, அதில் டிகாக்ஷனைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டால் பெரும்பாலும் திரியாது. தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும், சூடு காட்டி இறக்கிவிட வேண்டும். தாவரப் பால் பானங்களின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்தும், சோயா பால் பானங்களின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்தும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. பழைய விலையை நினைத்து மறுக்கும் முதலாளிக்கு இதைச் சொல்லலாம். கூடவே, "இருபது ரூபாய் கூடுதல் என்றாலும் வாங்கிக்கொள்கிறோம், செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஆறு பேர் வருகிறோம்" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். எட்டுக் காபிப் பெட்டியில் ஆறு அன்றைக்கே போய்விடும் என்றால் அவர் வாங்குவார்.

தயிருக்கு மாற்று கேட்கிறவர்களுக்குக் கடலைத் தயிர்தான் எங்கள் பரிந்துரை. ஊரில் கிடைக்கும் பொருள், செலவு குறைவு, மோர்க்குழம்பும் தாளித்த தயிர்சாதமும் இதில் நன்றாக வரும். மெஸ் நடத்துகிறவரிடம் இந்தச் செய்முறையை எழுதிக் கொடுங்கள்:

பச்சை வேர்க்கடலை 250 கிராம். ஆறு மணி நேரம் ஊறவைத்து, தோலை உரித்து, நன்றாக மைய அரைக்க வேண்டும். மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர் சேரும்படி கரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். அடி கனமான பாத்திரத்தில் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, அதன் பிறகும் பத்து நிமிடம் சிறுதீயில் வைக்க வேண்டும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், காம்போடு இருக்கும் பச்சை மிளகாய் ஏழெட்டைக் கழுவி உள்ளே போட்டு மூடிவைத்தால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் உறையும். காம்பில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் உறைமோரின் வேலையைச் செய்கின்றன. முதல் ஈடு தளர்வாகத்தான் இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த ஈட்டுக்கு உறை குத்தினால் கெட்டியாக வரும்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். கொதி போதாவிட்டால் பச்சை வாசனை போகாது. சூடாக இருக்கும்போதே மிளகாயைப் போட்டால் உறையாது. மார்கழிக் குளிரில் எட்டு மணி நேரம் போதாது. மோர்க்குழம்பு வைக்கும்போது கொதிக்கவிட்டால் திரியும், நுரை கூடியதும் இறக்க வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. பலகையில் "கடலைத் தயிர்" என்று பெயரோடு எழுதச் சொல்லுங்கள், வெறும் "வீகன் தயிர்" என்று வேண்டாம்.

6. கூட்டமாகப் போவது

ஆளுக்கொரு நாள் ஒவ்வொருவராகப் போய் மாற்றம் கேட்பதைவிட, மாதம் ஒருமுறை பதினைந்து பேர் சேர்ந்து ஒரே சாப்பாட்டைக் கேட்பது கடைக்கு நல்லது. ஒரே அடுப்பில் ஒரே அண்டாவில் ஆகும், கல்லையோ கரண்டியையோ மாற்ற வேண்டாம், மிச்சமும் இருக்காது.

சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாளைத் தேர்ந்தெடுங்கள், இரவு ஏழு மணிபோல. மூன்று நாள் முன்பே நேரில் போய்ப் பேசி, பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். தேதி, நேரம், தலைக்கணக்கு, பண்டங்கள், தலைக்கு என்ன விலை, எந்தெந்தப் பொருள் கூடாது என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முன்பு கடைசித் தலைக்கணக்கைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மூன்று பேர் வராவிட்டாலும் அந்த மூன்று சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடுங்கள். சமைத்தது சமைத்ததுதான். வராதவர் பங்கை யார் கொடுப்பது என்று உங்களுக்குள் முன்பே பேசிக்கொள்ளுங்கள், கல்லா முன்னால் நின்று பேசாதீர்கள்.

முதல் முறைக்குச் சொதிச் சாப்பாடு நல்ல தேர்வு. பதினைந்து பேருக்கு ஐந்து பெரிய தேங்காய், பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். இயல்பிலேயே பால் சேராத விருந்து என்பதால் தவறு நடக்க இடம் குறைவு. தாளிப்புக்கு மட்டும் தேங்காயெண்ணெய் என்று சொல்லிவிடுங்கள். தலைப்பாலைக் கடைசியில் விட்டு உடனே இறக்க வேண்டும் என்பது எந்த நெல்லைச் சமையல்காரருக்கும் நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டு விசேஷத்துக்குச் சாப்பாடு சொல்கிறவர்கள், அலுவலகக் கூட்டத்துக்கு டிபன் வாங்குகிறவர்கள் இதே முறையில் அந்தக் கடைக்கே ஆர்டரைக் கொடுக்கலாம். அலுவலகத்தில் செலவுக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால், ஜிஎஸ்டி எண் உள்ள ரசீது தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய மெஸ்ஸில் அது இருக்காது. வாங்கிய பிறகு கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

7. மற்றவர்களுக்குத் தெரியப்படுத்துவது

கூகுள் மேப்பில் "சூப்பர் வீகன் இடம்!" என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. பண்டத்தின் பெயர், எதை நீக்கச் சொன்னீர்கள், விலை, போன மாதம், போன வேளை, யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். இப்படி: "இட்லி, மெதுவடை, தேங்காய்ச் சட்னி அப்படியே சாப்பிடலாம். ரோஸ்ட் எண்ணெயில் கேட்டால் போட்டுத் தருகிறார்கள். சாம்பாரில் நெய் இல்லை என்றார்கள். பொங்கல், ரவா தோசை கூடாது. மாலை நான்கு மணிக்குக் கூட்டமில்லை." விலைப்பட்டியலைத் தெளிவாகப் படமெடுத்துப் போடுங்கள். பரிமாறியவரின் பெயரையோ முகத்தையோ அவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

"நூறு சதவீதம் வீகன்" என்று, அப்படி இல்லாத கடையை எழுதுவது கடைக்கே தீங்கு. அதை நம்பி வருகிறவர் நெய்வாசனை அடித்ததும் கல்லாவில் சண்டை போடுவார், ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார். சைவ, நனிசைவ உணவகங்களைப் பட்டியலிடும் ஹேப்பிகவ் இணையதளத்தில் சேர்க்கும்போதும் வீகன், சைவம், சைவ வாய்ப்புகள் உள்ள கடை என்ற பிரிவுகளில் சரியானதையே தேர்ந்தெடுங்கள். நம் ஊர் ஓட்டல் பெரும்பாலும் "சைவம்" பிரிவில்தான் வரும். கடை இடம் மாறினாலோ மூடினாலோ திருத்தம் அனுப்புங்கள். பழைய தகவலை நம்பி வெயிலில் அலைகிறவர்கள் உண்டு.

விமரிசனம் எழுதினால் தள்ளுபடி என்று கடைக்காரரே சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது கூகுளின் விதிக்கு எதிரானது. மாட்டினால் கடையின் நல்ல விமரிசனங்களும் சேர்ந்து நீக்கப்படலாம். பதினைந்து பேர் விருந்து முடிந்த கையோடு கடையில் உட்கார்ந்தபடியே வரிசையாக எழுதாதீர்கள். போலி என்று வடிகட்டப்பட வாய்ப்பு உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனி நாளில், தான் சாப்பிட்டதைப் பற்றித் தன் வார்த்தையில் எழுதினால் போதும்.

8. தட்டில் நெய் வந்துவிட்டால்

அப்போதே, மெதுவாக, பரிமாறியவரிடம் சொல்லுங்கள்: "தம்பி, இதுல நெய் இருக்கு, எண்ணெயில வேற ஒண்ணு போட்டுத் தரச் சொல்றீங்களா?" கை வைக்கும் முன் சொன்னால் அந்தத் தோசை வேறு மேசைக்குப் போகும், கடைக்கு நட்டமில்லை. பாதி சாப்பிட்ட பிறகு சொன்னால் அது குப்பைக்குத்தான். அதனால் தட்டு வந்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். நீங்கள் சொல்ல மறந்ததால் வந்த தவறு என்றால் இரண்டுக்கும் பணம் கொடுங்கள். சொல்லியும் வந்தது என்றால் மாற்றித் தரக் கேட்கலாம், பெரும்பாலான கடைகள் தரும்.

இரண்டு மூன்று முறை தொடர்ந்தால் மூன்றரை மணிக்குப் போய் முதலாளியிடம் நேரில் சொல்லுங்கள். புது மாஸ்டர் வந்திருப்பார், அல்லது எண்ணெய்க் கரண்டியும் நெய்க் கரண்டியும் ஒரே கிண்ணத்தில் இருக்கும். எண்ணெய்க்கு வேறு நிறக் கைப்பிடி போட்ட கரண்டி ஒன்றைத் தனியாக வைக்கச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். அந்தக் கரண்டியை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

பொய்க் கட்டணமோ கெட்டுப்போன உணவோ என்றால் அது வேறு விஷயம். ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கெட்டுப்போன உணவு என்றால் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். எழுதும்போது ரசீதில் இருக்கும் 14 இலக்க எண்ணைக் குறிப்பிட்டால் எந்தக் கடை என்று தேட வேண்டியிருக்காது.